புது ரெக்கார்டு மட்டும் வேணுமா? பழசையும் கொஞ்சம் கேளுங்க



இந்த வார எபிசோடில் ஏபிஐ பற்றிப் பேசும்போது, "ஒரு அக்டோபர் ஞாயிறு கதை இருக்கு, நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொன்னேன் இல்லையா? அது இதுதான்.

லண்டனில் ஒரு ஆன்லைன் விற்பனைக் கம்பெனிக்கு கான்ட்ராக்ட். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை விற்பனைத் தளத்தின் ஏபிஐயைக் கூப்பிட்டு, புது ஆர்டர்களை மட்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடணும். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் இழுத்தால் ரேட் லிமிட்டில் மாட்டுவோம். அதனால் ஜாப் முடிந்ததும் அப்போதைய நேரத்தை புக்மார்க்காகச் சேமிப்பேன். அடுத்த தடவை, "இந்த நேரத்துக்கு அப்புறம் வந்ததைக் கொடு"ன்னு கேட்பேன். சில மாசம் ஒழுங்காத்தான் ஓடுச்சு.

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு இங்கே கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்புவாங்க. நம்ம ஊரில் இந்த வழக்கம் இல்லாததால் எனக்கு ஞாபகமே வரலை. நான் சேமிச்சது லண்டன் நேரம், யூடிசி இல்லை. அன்னைக்கு 1:10 இரண்டு முறை வந்தது. இரண்டாவது 1:10ஐ என் கோடு முதல் 1:10ன்னு எடுத்துக்கிட்டு, ஒரு மணி நேரம் பின்னாலிருந்து ஆர்டர்களைக் கேட்டது. அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அதே கதை. திங்கட்கிழமை பேக்கிங் லிஸ்டில் ஒரே ஆர்டர் அஞ்சாறு தடவை! ஒரே முகவரிக்கு மூணாவது பெட்டி கட்டும்போது பேக்கிங்கில் இருந்த ஒரு அம்மா சந்தேகப்பட்டுக் கேட்டதால் தப்பிச்சோம்.

சரி செய்யும்போது, ரெண்டு பக்கமும் இருந்த ஆர்டர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்பதான் நிஜமாவே வயிறு கலங்கிச்சு. சில பழைய ஆர்டர்கள் நம்ம டேட்டாபேஸுக்கு வரவே இல்லை. காசு கட்டினவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க. இரட்டிப்பா வந்தது யார் கண்ணிலாவது படும். விடுபட்டது, வாடிக்கையாளர் போன் பண்ற வரைக்கும் தெரியாது.

ஏன் விடுபட்டுச்சு? முதல் காரணம், ஜாப் முடிந்த நேரத்தை நான் குறிச்சது. ஏபிஐ பதில் தந்த நொடிக்கும் ஜாப் முடிந்த நொடிக்கும் நடுவில் வந்த ஆர்டர், அந்த இடைவெளியில் விழுந்துடும். இரண்டாவது காரணம் எதிர்ப்பக்கம் இருக்கலாம். உதாரணத்துக்கு, போஸ்ட்கிரெஸில் நௌ ஃபங்ஷன் தருவது டிரான்ஸாக்ஷன் தொடங்கிய நேரம். 10:00க்குத் தொடங்கி 10:01க்கு கமிட் ஆன வரி, 10:00ன்னு முத்திரையோட வரும். நடுவில் நீங்க 10:00:30 வரைக்கும் படிச்சு முடிச்சிருந்தா, அது உங்க கண்ணில் படவே படாது.

இப்போ நான் எல்லா இடத்திலும் செய்வது இதுதான்:

1. புக்மார்க்கை என் கடிகாரத்திலிருந்து எடுப்பதில்லை. ஏபிஐ தந்த ரெக்கார்டுகளிலேயே கடைசியா மாறிய நேரம் எதுவோ, அதை யூடிசியில் சேமிக்கிறேன்.

2. கேட்கும்போது புக்மார்க்கிலிருந்து 10 நிமிஷம் பின்னால் போய்க் கேட்கிறேன். எதிர்ப்பக்கம் கமிட் தாமதமாகும்னா இன்னும் கூட்டிக்கலாம்.

3. இதனால் பழசும் திரும்ப வரும். வரட்டும். ஆர்டர் எண்ணுக்கு யுனீக் கீ வைத்து, அப்செர்ட் பண்றேன். போஸ்ட்கிரெஸில் 9.5 பதிப்பிலிருந்து ஆன் கான்ஃபிளிக்ட் இருக்கு. மைஎஸ்க்யூஎல்லில் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட். எது புதுசுன்னு முடிவு பண்றது டேட்டாபேஸோட வேலை.

4. வரிகளும் புக்மார்க்கும் ஒரே டிரான்ஸாக்ஷனில் கமிட். பாதியில் செத்தாலும் பழைய புக்மார்க்கிலிருந்து திரும்பத் தொடங்கும்.

5. வரிசையைக் கவனிக்கணும். கிட்ஹப் இஷ்யூஸ் ஏபிஐயில் சின்ஸ் என்ற பாராமீட்டர், கடைசியா மாறிய நேரத்தைப் பார்த்து வடிகட்டும். ஆனா சொல்லாமல் விட்டால் உருவான நேரப்படி, புதுசிலிருந்து பழசுக்கு அடுக்கித் தரும். மாறிய நேரப்படி, பழசிலிருந்து புதுசுக்குன்னு நாமதான் கேட்கணும். ஒரு பக்கத்துக்கு 100 வரைதான். கடைசிப் பக்கம் வரை போகணும்.

6. அழிக்கப்பட்ட ரெக்கார்டுகள் பொதுவா இந்த வழியில் வராது. அதுக்கு வாரம் ஒருமுறை எல்லா எண்களையும் இழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

உங்க ஜாப் சரியான்னு பார்க்க ஒரு சின்ன சோதனை: டெஸ்ட் டேட்டாவை வைத்து அடுத்தடுத்து ரெண்டு தடவை ஓட்டுங்க. இரண்டாவது ஓட்டத்தில் வரிகளின் எண்ணிக்கை கூடினால், கோடில் இன்னும் வேலை பாக்கி இருக்கு.

அந்த வாரம் பில் போடாமல் மூணு நாள் உட்கார்ந்து சரி பண்ணேன். இப்போ அக்டோபர் கடைசி ஞாயிறு நிம்மதியா தூங்குறேன், ஒரு மணி நேரம் கூடுதலாவே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!