ஹம் நகரத்துக் காமாட்சி

தேர் நாளில் ஜெர்மனியின் ஹம் நகரின் தார்ச்சாலையில் தேங்காய்த் தண்ணீர் ஓடும். பெண்களின் தலையில் கற்பூரச்சட்டி எரிய, வடம் பிடித்தவர்கள் அரோகரா சொல்ல, தொழிற்கூடங்களின் நடுவே அம்பாள் அசைந்து வருவாள். அன்று ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்கும். அப்படி அமையும்படிதான் திருவிழா நாட்களை எண்ணுகிறார்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டியவர்களுக்கு அம்பாள் இந்த அளவுக்காவது விட்டுக்கொடுக்கிறாள்.

காமாட்சி அம்பாளின் இந்தக் கோயில் ஒரு மனிதரின் பிடிவாதத்தில் பிறந்தது. 1985-இல் இலங்கையிலிருந்து ஜெர்மனி வந்தார் ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள். அகதி விண்ணப்பம் போட்டவர் அனுமதியில்லாமல் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. தமிழர்களை அரசு ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தது. குருக்களோ 1989-இல் ஒரு வீட்டின் நிலவறையில் விளக்கேற்றி, பிரிந்தவர்களைக் கூட்டத் தொடங்கினார்.

1993-இல் அம்பாள் முதல்முறையாக வீதிக்கு வந்தபோது சில நூறு பேர்தான் கூடினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது ஆயிரக்கணக்காகிவிட்டது. குடியிருப்புத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை, கழிப்பறை இல்லை, மேளச் சத்தம் வேறு. அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் தெருவிலும் இதே சண்டை நடக்கும். புறநகரான உவென்ட்ரோப்பின் தொழிற்பேட்டையில் இடம் அமைந்தது. அங்கே 17 மீட்டர் கோபுரம் எழுந்து, 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கு முதலாளி இருப்பார், அல்லது தர்மகர்த்தா சபை இருக்கும். ஜெர்மனியில் வேண்டியது பதிவுபெற்ற சங்கம். குறைந்தது ஏழு உறுப்பினர், எழுதிய விதிகள், நிர்வாகக் குழு. 1900-இல் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டம் பாட்டு மன்றத்துக்கும் முயல் வளர்ப்போர் சங்கத்துக்கும் கேட்பதையே அம்பாளிடமும் கேட்டது. தனிமனிதரின் வசீகரம் நிலைக்க வேண்டுமானால் அது பதவியாகவும் விதியாகவும் உறைந்தாக வேண்டும் என்று இதே நாட்டின் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் எழுதினார். ஹம்மில் நடந்தது அதுதான். ஆனால் வெபர் சொன்னதோடு கதை முடியவில்லை. உறைந்தபோது சட்டம் என்ற அச்சும் கொஞ்சம் நெளிந்தது. 2017-இல் இந்தக் கோயிலைச் சேர்ந்த இந்து அமைப்புக்கு, பெரிய தேவாலயங்கள் வைத்திருக்கும் அதே பொதுச்சட்டத் தகுதியை மாநில அரசு கொடுத்தது.

தீர்த்தத்துக்குக் கடல் பக்கத்தில் இல்லை. சரக்குப் படகுகளுக்காக வெட்டிய டாட்டெல்ன் - ஹம் கால்வாய்தான் தீர்த்தம். ஆண்டுதோறும் அம்பாளைத் தோளில் சுமந்து அதன் கரையில் இறக்குகிறார்கள்.