இதமான வசந்தக் காற்றுக்கு ஏன் சிவப்புக் கொடி?

வசந்தம்னா பசுமைதானே? அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் அப்படியில்லை. பனிக்காலத்தில் காய்ந்த புல் மார்ச்சிலும் துளிர்த்திருக்காது. நேற்று மழை பெய்ததே என்றும் நம்ப முடியாது. மெல்லிய புல்லை ஒரு மணி நேரக் காற்றே உலர்த்திவிடும். ஈரப்பதம் சரிந்து காற்று வலுத்தால், வானிலைத் துறை 'சிவப்புக் கொடி' எச்சரிக்கை விடும்.

2024 பிப்ரவரி 26-ல் டெக்சாஸின் வடகோடியில் உளுத்த மின்கம்பம் ஒன்று சாய்ந்தது. அதில் பற்றிய தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. மறுநாள் காற்று திசை மாறியதுதான் வினை. கிழக்கே ஓடிய தீயின் நீண்ட பக்கவாட்டு முழுக்கவே புது முனையாகித் தெற்கே பாய்ந்தது. அதே வாரம் பனியும் பெய்தது, அது வேறு கதை!

எச்சரிக்கை நாளில் வெல்டிங், குப்பை எரிப்பு வேண்டாம் என்பார்கள். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தினால், சூடான சைலன்சரே போதும்.