சீனத்துத் தேயிலை: உதிரியும் கட்டியும்

தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து வாழும் நாம் வீட்டிற்குள் ‘டீ’ என்கிறோம். வாயிலைத் தாண்டியதும் ‘சாய்’ என்கிறோம். இரண்டு சொற்களும் சீனத்தில் பிறந்தவையே. ஃபூசியான் மாநிலத்துக் கடற்கரைப் பேச்சில் வழங்கிய ‘தே’ டச்சு வணிகரின் கப்பலேறி ஐரோப்பா சென்றது. ஏனைய பகுதிகளில் வழங்கிய ‘ச்சா’ தரைமார்க்கமாகப் பாரசீகம் புகுந்து ‘சாய்’ ஆயிற்று.

பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் வெவ்வேறு செடிகளில் விளைவன என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். தாவரவியல் அறிஞர் லின்னேயஸ்கூட 1762-இல் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் சூட்டினார். உண்மையில் செடி ஒன்றே. பறித்தபின் இலைக்கு நேர்வதுதான் வேறு. உடனே சூடேற்றினால் இலையிலுள்ள நொதிகள் அடங்கிப் பசுமை நிலைக்கும். ஹாங்சோ நகரத்து லுங்சிங் இலை சட்டியில் கையால் அழுத்தி வறுக்கப்படுவதால் தட்டையாக இருக்கும். இலையைக் கசக்கிக் காற்றில் முழுதும் மாறவிட்டால் நாம் அன்றாடம் பருகும் வகை கிடைக்கும். இடைவழியில் நிறுத்தப்படுவது ஊலோங். வூயி மலைத் தேயிலை இவ்வினத்தது. வெள்ளை, மஞ்சள் என்னும் வகைகளும் உண்டு.

இங்கே மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலேயர் கறுப்பு என்பதைச் சீனர் ‘ஹோங் ச்சா’, அதாவது செந்தேயிலை, என்பர். அவர்கள் ‘ஹெய் ச்சா’ எனும் கருந்தேயிலையோ முற்றிலும் வேறு. நுண்ணுயிர்கள் செயற்பட்டுப் பக்குவமடைவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாங்குவோர் கைக்கு வேறு பொருள் வந்து சேரும். ஹூனான் மாநிலத்து ஃபூ கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சட் புள்ளிகள் தெரியும். பூசணம் என்று எறிந்துவிடலாகாது. அதனை வேண்டியே வளர்க்கின்றனர்.

தேயிலையைக் கட்டியாக அழுத்தியது தொலைவழிப் பயணத்தின் பொருட்டு. கோவேறு கழுதைகள் மீதும் மனிதர் முதுகிலும் ஏறித் திபெத்தை அடைந்த கட்டிகள் அங்கே வெண்ணெயும் உப்பும் சேர்த்துப் பருகப்பட்டன, நாணயமாகவும் கைமாறின. அரசவைக்குத் திறையாக வந்த கட்டிகளை மிங் வமிசத்து முதற்பேரரசர் 1391-இல் நிறுத்தினார். அவற்றைச் செய்வது குடிகளுக்குப் பெருஞ்சுமை என்பதே காரணம். அதன்பின் உதிரி இலையே சீனத்தின் பெருவழக்காயிற்று. எல்லைப்புறங்களுக்கு மட்டும் கட்டிகள் தொடர்ந்து சென்றன.

கட்டிகளுள் இன்று புகழ்மிக்கது யுன்னான் மாநிலத்துப் பூஅர். வட்டு ஒன்று மரபாக 357 கிராம். ஏழு வட்டுகள் சேர்ந்த கட்டு ஏறத்தாழ 2½ கிலோ. பச்சை வட்டு ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிரும். அவ்வளவு காலம் காத்திராமல், ஈரப்படுத்திக் குவித்துச் சில வாரங்களில் கனியச் செய்யும் முறை 1970-களில் குன்மிங் நகரத் தொழிற்சாலையில் உருவாயிற்று. பழமைக்கு மதிப்பு ஏறவே, பலர் பருகுவதற்கன்றி விற்பதற்கே வாங்கிக் குவித்தனர். 2007-இல் விலை சரிந்து பலர் முதலை இழந்தனர். ஆதலால் உறையில் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தல் தகாது. மணத்தை முகர்ந்து, இயன்றால் ஒரு கிண்ணம் பருகிப் பார்த்தே வாங்குதல் நன்று.

வட்டைச் சுத்தியலால் நொறுக்க வேண்டா. கூரிய கத்திமுனையை ஓரத்தில் செலுத்தி அடுக்கடுக்காகப் பெயர்த்து, முதலில் ஊற்றும் வெந்நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் நீரைப் பருகுக. எஞ்சியதைப் பெருங்காயமும் மசாலாவும் உள்ள அலமாரியில் வைத்தல் ஆகாது; தேயிலை அண்டை மணத்தை விரைவில் ஈர்த்துக்கொள்ளும்.