வீதிப் பராமரிப்பும் பொறுப்புப் பங்கீடும்

இலங்கையின் வீதிகள் யாவும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பிலுள்ளன எனக் கருதுதல் தவறாகும். 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வீதி அபிவிருத்தி அதிகார சபை ‘ஏ’, ‘பி’ தர வீதிகளை, ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர் நீளத்துக்கு, நிருவகிக்கின்றது. ‘சி’, ‘டி’ தர வீதிகள் 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தை அடுத்து மாகாண சபைகளைச் சேர்ந்தன. கிராமிய வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைகளுக்குரியன.

மாரிகாலத்திலேயே இப்பாகுபாட்டின் குறை வெளிப்படுகின்றது. வீதியைச் சிதைப்பது வாகனச் சுமை மாத்திரமன்று, தேங்கும் நீருமாகும். தார்ப்படையின் வெடிப்பினூடே இறங்கும் நீர் அடித்தளத்தை இளக்க, மேலே உருளும் சில்லு குழியைத் தோற்றுவிக்கின்றது. எனவே வடிகாலைத் துப்புரவாக்கல், மதகின் அடைப்பை நீக்கல், வீதியோர மண்ணை நீர் வழிந்தோடுமாறு சீவுதல், வெடிப்பை உடன் அடைத்தல் ஆகியனவே பராமரிப்பின் உயிர். இவற்றுக்கு வேண்டுவன மண்வெட்டியும் ஆண்டு முழுவதும் வேலையிலிருக்கும் தொழிலாளர் அணியுமே. ஆனால் பெருவீதியின் வடிகால் கிராமத்து ஒழுங்கையிற் சென்று முடியுமிடத்தில், அதனைத் துப்புரவாக்குவது எவர் கடன்?

புனரமைப்புக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கின்றது; திறப்புவிழாவும் நிகழ்கின்றது. வடிகாலுக்கு இரண்டும் இல்லை. வருமானங் குன்றிய பிரதேச சபையின் வீதியிலேதான் விவசாயியின் சந்தைப் பயணம் தொடங்குகின்றது. அடுத்து அவன் ஏறும் மாகாண வீதியின் நிலையோ வேறு: 2019 இன் பின்னர் ஆண்டுக்கணக்காகத் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை எதுவும் இருக்கவில்லை. ஆளுநரின்கீழ் அலுவலரே அவ்வீதிகளைப் பார்த்துவந்தனர். குழியைக் காட்டி முறையிட அவனுக்கெனத் தெரிவான பிரதிநிதி அச்சபையில் இருக்கவில்லை.