சரிவு மனையில் கொல்லைப்புற வீடு

கலிஃபோர்னியாவில், இருக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் சமையலறை, குளியலறையோடு தனியாகக் கட்டப்படும் சிறு வீட்டை ஏ.டி.யூ. என்பார்கள். விருந்தினர் தங்கவும், வயதான பெற்றோர் குடியிருக்கவும், வாடகைக்கு விடவும் அது பயன்படுகிறது. 2017 முதல் மாநிலச் சட்டங்கள் இதற்கான அனுமதியை எளிதாக்கின. பக்க எல்லையிலும் பின் எல்லையிலும் 4 அடி விட்டு, 16 அடி உயரத்துக்குள் 800 சதுர அடி வீடு கட்டுவதைப் பெரும்பாலும் உள்ளூர் விதிகள் தடுக்க முடியாது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் குன்றுப் பகுதிகளில், சட்டம் விடும் இடத்தை மனை விடுவதில்லை.

அங்கே வரைபடத்துக்கு முன் நில அளவை வருகிறது. மேடு பள்ளம், மரங்கள், புதைந்த குழாய்கள் எல்லாம் குறிக்கப்படும். அடுத்து, நிலத்தைத் துளைத்து மண்ணைச் சோதிப்பார்கள். கெட்டியான அடிநிலம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியும்.

சரிவில் வீடு நிற்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரிவை வெட்டிச் சமதளமாக்கித் தடுப்புச் சுவர் எழுப்புவது. சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் அதன் மீதான அழுத்தம் வெகுவாகக் கூடும். ஆகவே அங்கே ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து நீரை வெளியேற்றுகிறார்கள். வெட்டிய தரையில் பாதியும் கொட்டிய மண்ணில் பாதியுமாக வீடு அமைந்தால், ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவர் விரிசல் விடும்.

மற்றொன்று, அடிநிலம் வரை கான்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றை உத்தரங்களால் பிணைத்து மேலே வீட்டை அமைப்பது. மண்ணை அதிகம் தோண்ட வேண்டாம். மழைநீரும் வீட்டுக்கு அடியில் தன் போக்கில் ஓடும். நிலநடுக்கப் பகுதி என்பதால், வீட்டின் எடையைக் குறைக்க மரச்சட்டகமே வழக்கம். குறுகிய பக்கவழியில் ஆட்கள் சுமந்து செல்லவும் அது வசதி.

கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். 100 அடி தூரத்துக்கு 25 அங்குலம். புது வீடு தெருக்குழாயைவிடத் தாழ்வாக இருந்தால், கழிவைத் தொட்டியில் சேர்த்து மோட்டாரால் மேலேற்ற வேண்டியதுதான்.

அறைகளின் அமைப்பு இவற்றுக்குப் பிறகே முடிவாகிறது. குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரைப் பகிர்ந்தால் குழாய் நீளம் குறையும். எல்லையை ஒட்டிய சுவர் தீயைத் தாங்கும்படி கட்டப்படுவதால், பெரிய ஜன்னல்கள் சரிவை நோக்கி வைக்கப்படுகின்றன. காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் கூரையும் காற்றுத் துவாரங்களும் தீப்பொறி உள்ளே புகாதபடி அமைய வேண்டும்.