சி மொழியில் கால்பேக்: முகவரியோடு பொட்டலமும் கொடுங்க!

வைவாவில் "ஃபங்ஷன் பாயிண்டர் என்றால் என்ன?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால், "ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் வேரியபிள் சார்" என்று எல்லோரும் ஒப்பித்துவிடுவோம். "அது எதுக்குப்பா?" என்று அடுத்த கேள்வி வந்தால்தான் தொண்டை அடைக்கும். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் சொல்லப் போகிறேன்.

சி-யோடு வரும் 'க்யூசார்ட்' ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். எந்த அர்ரேயைக் கொடுத்தாலும் வரிசைப்படுத்தித் தரும். ஆனால் உள்ளே இருப்பது பெயரா, மார்க்கா என்று அதற்குத் தெரியாது. எனவே நான்கு விஷயம் கேட்கிறது: அர்ரே எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை உறுப்பு, ஒவ்வொன்றும் எத்தனை பைட், ஒப்பிடும் ஃபங்ஷனின் முகவரி என்ன. பிறகு இரண்டிரண்டு உறுப்பாக எடுத்து, "இதுல எது முன்னால வரணும்?" என்று நம் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்கும். முதலாவது முன்னால் என்றால் மைனஸ் எண், சமம் என்றால் 0, இரண்டாவது முன்னால் என்றால் பிளஸ் எண் திருப்பித் தர வேண்டும். ஃபங்ஷனை எழுதியது நாம், கூப்பிடுவது க்யூசார்ட். இதுதான் கால்பேக்.

இனிதான் சிக்கல். 60 மாணவர்கள், 5 பாடங்கள். எந்தப் பாடத்தின்படி வரிசை வேண்டும் என்று ப்ரோக்ராம் ஓடும்போதுதான் யூசர் சொல்வார். ஓடும்போது புது ஃபங்ஷன் உண்டாக்க சி மொழித் தரத்தில் வழி கிடையாது. ஃபங்ஷன் பாயிண்டரோ முகவரியை மட்டும் சுமக்கும். 'மூன்றாவது பாடம்' என்ற தகவலைச் சுமக்காது. குளோபல் வேரியபிளில் வைப்பது குறுக்கு வழி. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாடத்துக்கு வரிசைப்படுத்தினால் ரேங்க் லிஸ்ட் குழம்பிப் போகும்!

நல்ல வழி, முகவரியோடு ஒரு வாய்ட் பாயிண்டரையும் பொட்டலமாகக் கொடுப்பது. கூப்பிடுபவர் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார். கூப்பிடும்போது அப்படியே நம் ஃபங்ஷனிடம் ஒப்படைப்பார். 2024 போசிக்ஸ் தரத்தில் சேர்ந்த 'க்யூசார்ட்-ஆர்' இதைத்தான் செய்கிறது. 'பி-த்ரெட் கிரியேட்' வாங்கும் நான்காவது ஆர்க்யுமென்ட்டும் இதே பொட்டலம்தான். ஃபங்ஷன் ஒன்றே, பொட்டலத்தை மாற்றினால் வேலை மாறும்.

ஒரு ஆபத்தும் உண்டு: பொட்டலத்தின் ஆயுள். க்யூசார்ட்-ஆர் வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பும். அதனால் லோக்கல் வேரியபிளின் முகவரியே போதும். ஆனால் த்ரெட், டைமர் எல்லாம் பிற்பாடு கூப்பிடும். அதற்குள் நம் ஃபங்ஷன் ரிட்டர்ன் ஆகிவிட்டால் அந்த வேரியபிளே இருக்காது. காலி செய்த வீட்டுக்குக் கடிதம் போட்ட கதைதான். லேபில் ஒழுங்காக ஓடும். ப்ராஜெக்ட் டெமோ அன்றைக்குக் காலை வாரிவிடும். அதேபோல் ஃபார் லூப்பில் 'ஐ'யின் முகவரியைப் பத்து த்ரெட்டுக்கும் கொடுத்தால், பத்தும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரே 'ஐ'யைத்தான் பார்க்கும். மருந்து சுலபம்: ஒவ்வொன்றுக்கும் மேலாக் போட்டுத் தனி இடம் வாங்குங்கள், வேலை முடிந்ததும் அந்தக் கால்பேக்கே அதை ஃப்ரீ செய்யட்டும்.

யார் கூப்பிடுகிறார், எப்போது கூப்பிடுகிறார், அதுவரை பொட்டலம் தாங்குமா என்று பார்த்துவிட்டு ப்ரோக்ராம் எழுதுங்க. அப்புறம் அது நம்ம பேச்சைக் கேட்கும்!