போன் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? வால்பேப்பரையும் சந்தேகப்படுங்க!

தென்னேரி ஏரிக்கரையில எடுத்த போட்டோவை வால்பேப்பரா வெச்சிருக்கீங்களா? 2020-ல் இப்படி ஒரு ஏரி போட்டோதான் ஆண்ட்ராய்டு 10 போன்கள் பலவற்றை ஓயாமல் ரீஸ்டார்ட் ஆக வெச்சது. அமெரிக்காவின் மொன்டானாவில் எடுத்த படம். வைரஸெல்லாம் இல்லை, கலர் புரொஃபைல்தான் வேற. பிரகாசத்தைக் கணக்கிடும்போது 255-க்குள் வரவேண்டிய எண் அதைத் தாண்ட, சிஸ்டம் கிராஷ். திரும்ப ஆன் ஆனால் அதே வால்பேப்பர், அதே கிராஷ்! ஆண்ட்ராய்டு 11-ல் சரிபண்ணிட்டாங்க.

உங்க போனும் இப்படிப் படுத்தினா, உடனே பேட்டரியைத் திட்டாதீங்க. முதல்ல சேஃப் மோடு. பல போன்களில் லோகோ வந்ததும் வால்யூம் டவுனை அழுத்திப் பிடிச்சா போதும். நீங்க இன்ஸ்டால் பண்ண ஆப் எதுவும் அங்கே ஓடாது. போன் ஒழுங்கா நின்னா, கடைசியா போட்ட ஆப்பைத் தூக்குங்க, வால்பேப்பரை மாத்துங்க. அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனா, பேட்டரியையும் பவர் பட்டனையும் கடையில் காட்டுங்க.

ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. பேக்கப் இல்லைன்னா ஏரி போட்டோ மட்டுமில்ல, மொத்த கேலரியும் காலி!